எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை வருகிறது?



விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். எனக்கு வரும் போன்களில் ஒரு வகை உண்டு. எடுத்த எடுப்பில், "அண்ணே, சிஸ்டத்துல வைரஸ் ஏறிருச்சு. காலையில இருந்து கீழ மூலையில பெட்டி பெட்டியா வந்துக்கிட்டே இருக்கு. பார்மேட் அடிச்சிரலாமா?" என்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், ஏதோ மெயில், ஏதோ சந்தேகம், சிவப்பு நிறத்தில் இருக்கிறது என்பார்கள். மூடினால் போய்விடுகிறது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி வந்து நிற்கிறது.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை நிமிஷத்துக்கு ஒருக்க வருது?"

சிலருக்குக் கோபம் வரும். "வைரஸ் வந்திருக்குன்னு சொல்றேன், நீங்க நேரம் கேக்குறீங்களே" என்பார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் என் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். பார்மேட் செய்ய வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதே இல்லை.

காரணத்தைச் சொல்கிறேன். அலுவலகங்களில் மெயில் பார்ப்பதற்கு அவுட்லுக், தண்டர்பேர்ட் என்று தனி மென்பொருள் வைத்திருப்பார்கள். அது சும்மா இருக்காது. குறிப்பிட்ட இடைவெளியில் சர்வருக்குப் போய், புது மெயில் வந்திருக்கிறதா என்று கேட்டு வாங்கி வரும். யாரும் மாற்றி அமைக்காவிட்டால் தண்டர்பேர்ட் 10 நிமிஷத்துக்கு ஒருமுறை போகும். அவுட்லுக்கில் வழக்கமாக 30 நிமிஷம். வருகிற வழியில் ஆன்டிவைரஸ் ஒவ்வொரு மெயிலையும் பிரித்துப் பார்க்கிறது. ஒன்றில் கோளாறு தெரிந்தால் அங்கேயே தடுத்து நிறுத்தி, உங்களுக்கு ஒரு பெட்டியைக் காட்டுகிறது. தடுத்தாயிற்று, சரி. ஆனால் அந்த மெயில் சர்வரில் இன்னும் அப்படியே இருக்கிறது. மெயில் மென்பொருளைப் பொறுத்தவரை அந்தக் கடிதம் கைக்கு வந்து சேரவில்லை. ஆகவே 10 நிமிஷம் கழித்து அதையே மறுபடி கேட்கிறது. ஆன்டிவைரஸ் மறுபடி தடுக்கிறது. மறுபடி பெட்டி.

காலையிலிருந்து மாலைக்குள் இப்படி நாற்பது, ஐம்பது பெட்டி வந்திருக்கும். பார்க்கிறவருக்கு ஐம்பது வைரஸ் வந்துவிட்ட மாதிரி இருக்கும். வந்தது ஒரே ஒரு மெயில். சில சமயம் அந்த ஒன்று வழியை அடைத்துக்கொள்வதால், அதற்குப் பின்னால் வந்த நல்ல மெயில்களும் இறங்காமல் நின்றுவிடும். "ரெண்டு நாளா எந்த மெயிலும் வரலை, அதோட இந்தத் தொல்லை வேற" என்று யாராவது சொன்னால், இரண்டும் ஒரே நோய்தான் என்று புரிந்துகொள்ளலாம்.

இதற்கு மருந்து அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, சர்வரில் இருக்கிறது. பெட்டியில் "விவரம்" என்று ஒரு பொத்தான் இருக்கும். இல்லாவிட்டால் ஆன்டிவைரஸைத் திறந்து அதன் ரிப்போர்ட் பகுதிக்குப் போங்கள். யார் அனுப்பிய மெயில், என்ன தலைப்பு, எந்தத் தேதி என்பது பெரும்பாலும் அங்கே இருக்கும். அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெயில் மென்பொருளை மூடிவிட்டு, குரோம் போன்ற ஒரு பிரவுசரில் உங்கள் மெயில் கணக்குக்குள் நேரடியாக நுழைந்து, குறித்து வைத்த மெயிலைத் தேடி, திறக்காமலே பக்கத்தில் டிக் அடித்து நீக்குங்கள். அத்தோடு எழுந்துவிடாதீர்கள். அது ட்ராஷ் ஃபோல்டருக்குப் போயிருக்கும். அதையும் காலி செய்யுங்கள். ஸ்பாம் ஃபோல்டரையும் ஒரு பார்வை பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே வானொலி கேட்கிற நேயர்கள் இதையெல்லாம் இப்போது மனப்பாடம் செய்ய வேண்டாம். சர்வரில் போய் நீக்கணும், ட்ராஷையும் காலி பண்ணணும் என்ற இரண்டு மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டால் மன்னிக்க வேண்டும்.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகம். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வெளியிட்டு, தீபாவளிக்குப் பிறகு ஆர்டர்கள் குவிகிற நேரம். கடைக்காரர்கள் பெயரும் விலாசமும் முத்திரையும் மெயிலில்தான் அனுப்புவார்கள். அந்த அச்சகத்தில் ஆன்டிவைரஸ் பெட்டி தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் மட்டும் வந்துகொண்டிருந்தது. 10 நிமிஷக் கணக்கு அங்கே பொருந்தவில்லை. கணக்குப் பார்க்கிற தங்கச்சி விவரமான பெண். "பர்ச்சேஸ் ஆர்டர்" என்ற பெயரில் ஒரு ஜிப் ஃபைல் ஏதோ தெரியாத விலாசத்திலிருந்து வந்ததையும், அதைத் திறக்காமல் நீக்கியதையும், ட்ராஷைக்கூடக் காலி செய்ததையும் சொன்னது. சர்வரிலும் அந்த மெயில் இல்லை. எல்லாம் சரியாகச் செய்திருக்கிறது. அப்படியும் மத்தியானம் ஆனால் எச்சரிக்கை வருகிறது.

மத்தியானம் ஏன்? அந்த நேரத்துக்குத்தான் முழு ஹார்ட் டிஸ்கையும் சோதிக்கும்படி ஆன்டிவைரஸுக்கு நேரம் வைக்கப்பட்டிருந்தது. அப்படியானால் பொருள் சர்வரில் இல்லை, டிஸ்கில்தான் எங்கேயோ இருக்கிறது. ஆன்டிவைரஸ் ரிப்போர்ட்டில் இருந்த ஃபைல் விலாசத்தை வாசித்தேன். நீளமாகப் போய், கடைசியில் "இன்பாக்ஸ்" என்று முடிந்தது.

நேயர்களே, தண்டர்பேர்ட் ஓர் இன்பாக்ஸில் உள்ள அத்தனை மெயிலையும் வழக்கமாக ஒரே ஃபைலில்தான் எழுதி வைக்கும். ஆயிரம் மெயில் இருந்தால் ஆயிரம் ஃபைல் இருக்கும் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே நீண்ட ஃபைல். பின்னொட்டுகூட இல்லாமல் வெறும் "இன்பாக்ஸ்" என்றுதான் அதற்குப் பெயர். நீங்கள் ஒரு மெயிலை நீக்கினால், நடுவிலிருந்து அதை வெட்டி எடுத்து மிச்சத்தை ஒட்டுவது பெரிய வேலை என்பதால், அந்த இடத்தில் ஒரு குறி போட்டுவிட்டு விட்டுவிடுகிறது. பற்று வரவு நோட்டில் ஒரு வரியைக் கோடு போட்டு அடிப்பது போலத்தான். கணக்கில் அது சேராது, ஆனால் எழுத்து அங்கேயே இருக்கும். நம் கண்ணுக்கு மெயில் மறைந்துவிடுகிறது. ஃபைலை வரி வரியாக வாசிக்கிற ஆன்டிவைரஸ் கண்ணுக்கு அது மறையவில்லை.

நான் போவதற்கு முதல் நாள் வேறொன்றும் நடந்திருந்தது. பெட்டியில் மூன்று பொத்தான்கள்: சுத்தம் செய், தனிமைப்படுத்து, அழி. அச்சகத்துப் பையன் ஒருவன் தொல்லை தாங்காமல் "தனிமைப்படுத்து" என்பதை அமுக்கிவிட்டான். ஆன்டிவைரஸ் சொன்ன பேச்சைக் கேட்டது. கோளாறு இருந்த ஃபைலை எடுத்துத் தனியறையில் பூட்டியது. அந்த ஃபைல் என்பது என்ன? மொத்த இன்பாக்ஸ். மறுநாள் காலையில் தண்டர்பேர்டைத் திறந்தால் ஒரு மெயில்கூட இல்லை. காலண்டர் ஆர்டர் அத்தனையும் அதில். முதலாளி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நல்லவேளை, அவன் "அழி" என்பதை அமுக்கவில்லை. தனிமைப்படுத்தியது திரும்பி வரும். ஆன்டிவைரஸின் குவாரன்டைன் பட்டியலில் அந்த ஃபைல் இருந்தது. இதற்குள் தண்டர்பேர்ட் தானாகவே புதிதாக ஒரு காலி இன்பாக்ஸ் ஃபைலை உண்டாக்கி வைத்துவிட்டதால், பழையதை அதே பெயரில் கொண்டுவந்தால் இரண்டும் மோதும். நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, பழைய ஃபைலை வெளியே எடுத்து வேறு பெயர் வைத்து உள்ளே போட்டேன். திறந்தபோது பக்கத்தில் இன்னொரு ஃபோல்டராக வந்து நின்றது. ஆர்டர் எல்லாம் உள்ளே. அந்த ஃபோல்டர் மேல் மவுஸின் வலது பொத்தானை அமுக்கினால் "காம்பாக்ட்" என்று ஒரு கட்டளை வரும். அதைக் கொடுத்தேன். அடித்து வைத்திருந்த மெயில்களை உண்மையாகவே வெளியேற்றி, ஃபைலை முதலிலிருந்து புதிதாக எழுதும் வேலை அது. ஃபைல் பாதியாகச் சுருங்கியது. மறுநாள் மத்தியானம் பெட்டி வரவில்லை.

பலர் கேட்கிற ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "அப்ப இத்தனை நாளா வைரஸ் உள்ளேயே இருந்துச்சே, ஒண்ணும் பண்ணலையா?" பண்ணாது. மெயிலில் வருகிற அட்டாச்மென்ட் எல்லாம் வெறும் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணம் செய்கிறது. இன்பாக்ஸ் ஃபைலுக்குள் அது எழுத்துக் குவியலாகக் கிடக்கும். யாராவது திறந்து, வெளியே எடுத்து, ஓட்டினால்தான் உயிர் பெறும். அதனால் பெட்டியைக் கண்டதும் பதற வேண்டியதில்லை. அவசரத்தில் அமுக்குகிற பொத்தானால்தான் சேதம் அதிகம்.

தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் செட்டிங்ஸில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதியில், ஒவ்வொரு மெயிலையும் தனித்தனியாகத் தனிமைப்படுத்த ஆன்டிவைரஸை அனுமதிக்கலாமா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிடுங்கள். வருகிற மெயில் முதலில் ஒரு தற்காலிக ஃபைலாக இறங்கி, சோதனை முடிந்த பிறகே இன்பாக்ஸில் சேரும். முழு இன்பாக்ஸும் பூட்டப்படுகிற ஆபத்து வெகுவாகக் குறையும். அவுட்லுக்கிலும் இதே கதைதான். அங்கே பிஎஸ்டி, ஓஎஸ்டி என்று முடிகிற ஒரே பெரிய ஃபைல். பெட்டியில் அந்தப் பெயரைப் பார்த்தால் "அழி" பக்கமே போகாதீர்கள்.

அந்த ஜிப் ஃபைலைப் பற்றிச் சொன்னேனே, உள்ளே என்ன இருந்தது தெரியுமா? பார்ப்பதற்கு அச்சு அசல் பிடிஎஃப். சிவப்புப் படம் எல்லாம் இருக்கிறது. ஆனால் பெயர் ".பிடிஎஃப்.இஎக்ஸ்இ" என்று முடிந்தது. தெரிந்த பின்னொட்டுகளை விண்டோஸ் மறைத்துவிடும் என்பதால், இது ஓடுகிற புரோகிராம் என்று காட்டிக்கொடுக்கும் கடைசி இஎக்ஸ்இ நம் கண்ணில் படாது. பிடிஎஃப் என்பதோடு முடிந்த மாதிரி தெரியும். இது பழைய தந்திரம். 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய "ஐ லவ் யூ" வைரஸ் இதை வைத்துத்தான் உலகத்தையே ஆட்டி வைத்தது. காதல் கடிதம் என்று வந்த அந்த ஃபைலின் பெயர் ".டிஎக்ஸ்டி.விபிஎஸ்" என்று முடியும். விபிஎஸ் மறைந்துவிட, சாதாரண எழுத்து ஃபைல் என்று நம்பித் திறந்தார்கள். திறந்ததும் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லாருக்கும் அதே கடிதம் போனது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மெயில் சேவையையே நிறுத்தி வைத்தார்கள். அதை எழுதிய இளைஞருக்குத் தண்டனை கிடையாது. அன்றைக்குப் பிலிப்பைன்ஸில் அந்தக் குற்றத்துக்குச் சட்டமே இல்லை.

இத்தனை வருஷம் ஆகியும் விண்டோஸ் பின்னொட்டை மறைப்பதை நிறுத்தவில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. புது கம்ப்யூட்டர் எது கைக்கு வந்தாலும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, "வியூ" பட்டியலில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை முதலில் டிக் போட்டுவிடுவேன். நீங்களும் இன்று போட்டுவிடலாம். காசு செலவில்லை.

சரி, கடிகாரத்துக்குத் திரும்புகிறேன். 10 நிமிஷக் கணக்கும் இல்லை, மத்தியானக் கணக்கும் இல்லை. குரோம் ஓடும்போது மட்டும் பெட்டி சரசரவென்று வருகிறது. இது வேறு சாதி. சாத்தூரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். "உங்கள் மெயிலில் 5 வைரஸ்" என்று மெக்காஃபி பெயரில் ஒன்று, நார்ட்டன் பெயரில் ஒன்று, மாற்றி மாற்றி. ஐயா வீட்டில் அந்த இரண்டு ஆன்டிவைரஸும் கிடையாது. ஜிமெயிலையும் பிரவுசரிலேயேதான் பார்க்கிறார். ஜிமெயில் இஎக்ஸ்இ மாதிரியான அட்டாச்மென்டைத் தானே தடுத்துவிடும். பிரவுசரில் மட்டும் ஜிமெயில் பார்க்கிறவருக்கு மெயிலில் வைரஸ் என்று ஓயாமல் பெட்டி வந்தால், பெட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

உற்றுப் பார்த்தால் அந்தப் பெட்டியிலேயே, சின்ன எழுத்தில், ஏதோ ஓர் இணையதளத்தின் பெயர் இருந்தது. என்றைக்கோ ஒரு தளத்தில், "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட 'அலவ்' அமுக்குங்கள்" என்று வந்திருக்கிறது. ஐயாவும் அமுக்கியிருக்கிறார். அது, இனிமேல் எப்போது வேண்டுமானாலும் உங்கள் திரையில் அறிவிப்பு அனுப்பலாம் என்று கொடுத்த அனுமதி. குரோமில் மூன்று புள்ளியை அமுக்கி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால், அனுமதி வாங்கிய தளங்கள் வரிசையாக இருக்கும். தெரியாத பெயரை எல்லாம் நீக்கினேன். கம்ப்யூட்டரில் வைரஸே இல்லை. கூலியாக ஐயா வீட்டு அம்மா ஒரு டம்ளர் சுக்கு மல்லிக் காபி கொடுத்தார்கள்.

இதே குடும்பத்தில் இன்னொன்று, திரை முழுக்க நிறைந்து, சத்தமாகக் குரல் கொடுத்து, ஒரு போன் நம்பரைக் காட்டும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி, வருகிற பட்டியலில் பிரவுசரை மூடுங்கள். அந்த நம்பருக்குக் கூப்பிட்டு, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருளை அவர்கள் சொல்படி இறக்கி அனுமதி கொடுத்தால், கம்ப்யூட்டர் அவர்கள் கைக்குப் போய்விடும்.

உண்மையில் பயப்பட வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பெட்டியில் "வெளியே செல்லும் மெயில்" என்று இருக்கும். குறைந்த நேரத்தில் ஒரே மாதிரி மெயில் நிறையப் போகிறது என்று சொல்லும். நீங்களே சங்க உறுப்பினர்கள் முந்நூறு பேருக்கு ஆண்டு விழா அழைப்பை அனுப்பியிருந்தால் சரி, அதைத்தான் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது. மெயில் மென்பொருளைத் திறக்கவே இல்லை, அப்படியும் வருகிறது என்றால், உங்கள் கம்ப்யூட்டர் யாருக்கோ கூலி இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். இப்படி ஊரார் கம்ப்யூட்டர்களைக் கைப்பற்றி ஸ்பாம் அனுப்புகிற கூட்டங்கள் உண்டு. ரஸ்டாக் என்ற ஒன்றை 2011 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வழக்குப் போட்டு முடக்கியது. ஏறத்தாழ 10 லட்சம் கம்ப்யூட்டர்கள் அதன் பிடியில் இருந்தன என்பது அப்போது சொன்ன கணக்கு. சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு அது தெரிந்தே இருக்காது.

இந்த வகை வந்தால் நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். முழு ஸ்கேன் போடுங்கள். இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இப்படிக் கம்ப்யூட்டரைக் கைப்பற்றும் 'பாட்' மென்பொருள்களை நீக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சென்னை நிறுவனமான கே7 தந்த கருவியும் அதில் உண்டு. அதற்கும் அடங்காவிட்டால்தான் பார்மேட்.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது. மீதியைச் சுருக்கி ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன். அடுத்த முறை பெட்டி வரும்போது கடிகாரத்தைப் பாருங்கள், பெட்டியில் உள்ள ஃபைல் விலாசத்தை வாசியுங்கள், "இனிமேல் காட்டாதே" என்ற பொத்தானை மட்டும் அமுக்காதீர்கள். பணம் பறிபோய்விட்டது என்று தெரிந்தால் உங்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. வீட்டில் பெரியவர்கள் கம்ப்யூட்டர் வைத்திருந்தால், இன்று மாலை ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி, அவர்கள் குரோமில் அந்த நோட்டிஃபிகேஷன்ஸ் பட்டியலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.